ஏற்காடு ஏற எலெக்ட்ரிக் சைக்கிள்: வாங்க, ஓட்ட, பராமரிக்க 15 குறிப்புகள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்வாசிகளுக்கு சேர்வராயன் மலை பக்கத்து வீடு மாதிரி. அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. மவுன்டன் பைக் வகை எலெக்ட்ரிக் சைக்கிள் வந்தபிறகு, முழங்காலுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தவர்களுக்கும் ஏறிப் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால், இந்த ஊருக்கு சமதள மைலேஜைப் பார்த்து சைக்கிள் வாங்காதீர்கள். மலையைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது

1. பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 360 வாட்-ஹவர். விளம்பரத்தில் போடும் கிலோமீட்டரைவிட இந்த எண்தான் நம்பகமானது.

2. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,100 மீட்டருக்கும் மேல் ஏற்றம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த எடையை 1,100 மீட்டர் உயர்த்த மட்டுமே சுமார் 300 வாட்-ஹவர் செலவாகும். மோட்டாரில் சூடாக வீணாவதும், டயர் உராய்வும் தனிக் கணக்கு. ஆகவே, 360 வாட்-ஹவர் பேட்டரியை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. உங்கள் கால்களும் நன்றாகவே உழைத்தாக வேண்டும்.

3. கால் உழைக்க கியர் வேண்டும். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டு, பக்கத்தில் உள்ள ஏதாவது மேட்டில் ஏற்றிப் பாருங்கள். மிக இலகுவான கியரிலும் பெடல் நகரவில்லை என்றால் அந்த சைக்கிள் மலைக்கு ஆகாது.

4. குறைந்த விலை சைக்கிள்களில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும். பெடல் அருகே மோட்டார் உள்ள வகை, கியரைப் பயன்படுத்திக்கொள்வதால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். ஆனால், விலை அதிகம். மோட்டாரின் இழுப்பும் செயின் வழியாகவே போவதால் செயின் சீக்கிரம் தேயும்.

5. பிரேக்குக்குக் காசு பார்க்காதீர்கள். ஏற்றத்தில் சேர்த்த அதே 300 வாட்-ஹவர்தான், இறங்கும்போது பெரும்பாலும் பிரேக்கில் சூடாக வெளியேறுகிறது. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் கட்டாயம் வேண்டும். ஹைட்ராலிக் என்றால் இன்னும் நல்லது, விரல் வலிக்காது.

6. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்தால் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. 'ஸ்பீடு லாக்கை எடுத்துத் தருகிறோம்' என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த விலக்கு போய்விடும். விபத்து நடந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

ஓட்டும்போது

7. முதல் சில வாரங்கள் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் காலையில் ஓட்டிப் பழகுங்கள். இந்த சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் எடையும் பிரேக்கும் கைக்குப் பழகியபின் மலைக்குப் போகலாம்.

8. ஏற்றத்தில் இலகுவான கியரில் கால்களை வேகமாகச் சுழற்றுங்கள். கனமான கியரில் திணறித் திணறிப் போனால், பின்சக்கர மோட்டார் சூடேறி பேட்டரியையும் குடிக்கும். சூடு அதிகமானால் நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

9. பல சைக்கிள்களில் பெடல் சுழன்றாலே மோட்டார் இழுக்கத் தொடங்கும். கொண்டை ஊசி வளைவில் இது தூக்கிப்போடலாம். வளைவுக்கு முன்பே உதவி அளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

10. இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாதீர்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். லிவர் கைப்பிடிவரை வந்து ஒட்டினாலோ, கருகல் வாசம் வந்தாலோ ஓரமாக நிறுத்துங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.

11. மண்பாதை ஆசையில் காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். வனத்துறை அனுமதி வேண்டும். மலையில் காட்டெருமைகளும் உண்டு. மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதை வண்டிகளால் நிரம்பிவிடும்; அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கொல்லிமலையின் 70 வளைவுகளை ஏற்காடு நன்றாகப் பழகியபின் வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பில்

12. சேலம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். வெயிலில் நிறுத்த நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். கம்பெனி சார்ஜரையே பயன்படுத்துங்கள். வாசல், மாடிப்படி, சமையல்கட்டு ஆகிய இடங்களில் சார்ஜ் போட வேண்டாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

13. வாட்டர் சர்வீஸில் கொடுக்காதீர்கள். பீய்ச்சியடிக்கும் தண்ணீர் மோட்டாருக்குள்ளும் ஒயர் இணைப்புகளுக்குள்ளும் புகுந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். செயினில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே வழிவதைப் பழைய வேட்டித்துணியால் துடைத்தெடுங்கள். வழியவிட்டால் புழுதி ஒட்டி செயினை அரிக்கும். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, கவனம்.

14. கருவேல முள் இல்லாத தெரு நம் பக்கம் குறைவு. பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தால், பஞ்சர் கடைக்காரர் கழற்றத் தயங்கலாம். ஒயர் இணைப்பைப் பிரித்து, நட்டைக் கழற்றி, வாஷர்களை அதே வரிசையில் மாட்டும் முறையை வாங்கும்போதே கடையில் கற்றுக்கொள்ளுங்கள். பொருந்தும் ஸ்பேனர், டியூப், கைபம்பு பையில் எப்போதும் இருக்கட்டும். பிரேக் பேடையும் மாதம் ஒருமுறை பாருங்கள். உரசும் பகுதி 1 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

15. ஊருக்குப் போகிறீர்கள், ஒரு மாதம் ஓட்ட மாட்டீர்கள் என்றால், பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேல் சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். முழுதாகவோ காலியாகவோ வைத்தால் ஆயுள் குறையும். உப்பிய, அடிபட்ட பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் போடவே கூடாது. ஆயுள் முடிந்ததைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் விற்ற கடையிடமே ஒப்படையுங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.