மாடல் படங்களுக்கு விளக்கமைக்க எங்கே கற்பது?

போன மாதம் ஒரு பையன் தன் ஆல்பத்தோடு என் ஸ்டுடியோவுக்கு வந்தான். பன்னிரண்டு படங்கள், எல்லாமே பத்திரிகை அட்டைக்குப் போகக்கூடியவை. ஒரு படத்தில் மாடலின் கூந்தல் ஓரமாக மெல்லிய வெளிச்சக் கோடு ஓடியது. "இதுக்கு விளக்கை எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்துல வெச்சே?" என்று கேட்டேன். "அது பயிற்சி கொடுத்த சார் வெச்சாரு, நாங்க வரிசையா நின்னு எடுத்தோம்" என்றான். ஒரு ஸ்ட்ரோப் ஃப்ளாஷையும் 90 செ.மீ. ஆக்டா சாஃப்ட்பாக்ஸையும் கொடுத்து, என் உதவியாளரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு முகம் எடுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் போராடினான். விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்ததால் மூக்கும் கன்னமும் ஒன்றாகத் தட்டையாகிவிட்டன. அவன் கண் கலங்கியதைப் பார்த்த அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன். ஆறு பட்டறைகளுக்கு அவன் அப்பா பணம் கட்டியிருக்கிறார்.

இதைக் கற்கும் வழிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். வீட்டில் டிகிரி வேண்டுமென்று பிடிவாதமாக நின்றால் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படியுங்கள். அதில் விளக்கைத் தொடுகிற வகுப்புகள் குறைவு. ஆனால் பல கல்லூரிகளில் ஸ்டுடியோ மாலையில் பூட்டியே கிடக்கும். சாவி வைத்திருப்பவரோடு பழகுங்கள். தரமணி அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு படித்தால் ஒளியைப் பற்றிய அறிவு ஆழமாகக் கிடைக்கும். அது சினிமாவுக்கானது, எரிந்துகொண்டே இருக்கும் விளக்குகளில் கற்பது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் புகைப்படத்துக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தனியார் டிப்ளமோ என்றால் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன், ஒரு விளக்குக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். நான்குக்கு மேல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் எச்சரிக்க வேண்டியது வார இறுதி மாடல் ஷூட் பட்டறையைப் பற்றி. இன்று எல்லோரும் ஓடுவது அங்கேதான். அது நடக்கிற விதம் இதுதான்: இருபது பேர், ஒரு மாடல், கேமராவிலிருந்து ஃப்ளாஷை இயக்கும் டிரிக்கர் ஒன்றே ஒன்று. விளக்குகளைப் பயிற்சியாளர் முன்கூட்டியே நிறுத்திவிடுவார். "எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100" என்பார். டிரிக்கர் கை மாறி வரும், ஆளுக்கு மூன்று நிமிடம். சாயங்காலம் இருபது பேரின் கார்டிலும் ஒரே படம் இருக்கும்.

ஏன் எஃப் 8 என்று அங்கே யாரும் கேட்பதில்லை. விளக்கு முகத்திலிருந்து ஒரு மீட்டரில் இருந்தபோது சரியாக இருந்த எஃப் 8, அதை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் சரிவராது. வெளிச்சம் கால்பங்காகிவிடும், எஃப் 4-க்குத் திறக்க வேண்டும். அதே தூரக் கணக்கால்தான், பக்கத்தில் விளக்கு வைத்து முழு உருவம் எடுத்தால் முகம் வெளுத்துக் கால் இருளும். ஷட்டரை 1/60 ஆக்கினாலும் 1/125 ஆக்கினாலும் ஃப்ளாஷ் வெளிச்சம் மாறாது, அறையின் வெளிச்சம்தான் மாறும். 1/200, 1/250 போன்ற, உங்கள் கேமராவின் ஃப்ளாஷ் ஒத்திசைவு எல்லையைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கைக்குப் பழக, விளக்கை நீங்களே நூறு முறை நகர்த்தியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. மாடல் பெண்ணின் பெயர்கூட அந்த இருபது பேரில் பலருக்குத் தெரியாது. எல்லாத் திசையிலிருந்தும் "இங்க பாருங்க" என்ற குரல். மதியத்துக்குள் அவர் முகம் மரத்துப்போகிறது. பேசி, சிரிக்கவைத்து, களைப்பு தெரிந்தவுடன் தண்ணீர் கொடுத்து நிறுத்துவதும் இந்தத் தொழிலில் பாதி. அதற்கு அங்கே இடமே இல்லை.

மாநிறத்தை வெளுப்பாக்குவதை ஒளியமைப்பு என்று சொல்லிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. தயவுசெய்து அங்கே போகாதீர்கள். கேமராவின் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், கரிய முகத்தைத் தானாகவே வெளுக்கவைக்கும். அதைக் கட்டுப்படுத்தி, பெரிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கன்ன எலும்பில் ஒளி வழுக்கி ஓடும். கரிய சருமத்தின் அழகு அந்த ஓட்டத்தில் இருக்கிறது.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் ஏன் என்றால், இருபத்திரண்டு வயதில் நானும் அப்படி ஒரு பயிற்சிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டினேன். அந்தப் படங்களைக் காட்டி ஒரு ஜவுளிக்கடை வேலையும் வாங்கினேன். காஞ்சிப் பட்டு; சரிகை நெருப்பாய் எரிந்தது. சரிகை ஒரு கண்ணாடி மாதிரி, எதிரே இருக்கும் விளக்கையே காட்டும். சின்ன விளக்கென்றால் கூசுகிற புள்ளியாகக் காட்டும், அகலமான சாஃப்ட்பாக்ஸோ தெர்மோகோல் பலகையோ என்றால் தகடாக மின்னும். அன்று எனக்கு அது தெரியாது. மூன்று மணி நேரம் கழித்துக் கடைக்காரர் மாடலின் சம்பளத்தை மட்டும் கொடுத்துவிட்டு, என்னைப் போகச் சொன்னார். அதன்பிறகு ஒரு விளம்பரப் புகைப்படக்காரரிடம் நான்கு ஆண்டுகள் ஸ்டாண்டு தூக்கினேன். நான் கற்றதெல்லாம் அந்த நான்கு ஆண்டில்.

ஆகவே என் ஓட்டு உதவியாளர் வேலைக்கு. முதல் ஆறு மாதம் மணல் மூட்டையும் வயரும்தான். ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்: புகைப்படக்காரர் விளக்கின் முன் கிரிட் என்ற கட்டவலையைப் போட்டார், போட்டவுடன் பின்திரை இருண்டது, ஏன்? சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நாள் கூலியையும் சாப்பாட்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்பிள்ளைகள் என்றால் வீட்டில் தயங்குவார்கள். அப்பாவோ அம்மாவோ ஒருமுறை நேரில் வந்து இடத்தைப் பார்க்கட்டும். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஸ்டுடியோ உங்களுக்கு வேண்டாம்.

வாய்ப்பு வரும்வரை வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு ஃப்ளாஷ், ஒரு வெள்ளைக் குடை, ஒரு தெர்மோகோல். அதற்கும் வழியில்லையென்றால் ஜன்னலும் வெள்ளை வேட்டியும். 1956-இல் வெளிவந்த வங்காளப் படமான 'அபராஜிதோ'வில் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா காசி வீட்டு முற்றத்தின் வெளிச்சத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் கொண்டுவந்தது, மேலே கட்டிய துணியில் விளக்கைப் பட்டுத் தெறிக்கவைத்துத்தான். எல்இடியா ஸ்ட்ரோபா என்று கேட்பார்கள். எல்இடியில் கண்ணால் பார்ப்பதே படமாகும், பழகச் சுலபம். நான் ஸ்ட்ரோபைத்தான் சொல்வேன். பலமான எல்இடி முன்னால் மாடலின் கண்மணி சுருங்கிவிடும், கண்ணும் கூசும்.

"இதில் எதிர்காலம் இருக்கிறதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை பேருந்தில் போகும்போது எதிர் சீட்டுக்காரர் முகத்தில் வெயில் நகர்வதைக் கவனிக்கிறதா என்று பாருங்கள். கவனிக்கிறதென்றால் தடுக்காதீர்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பையன் சம்பாதிக்கிறான் என்பதற்காகத் தள்ளாதீர்கள். மாணவர்களே, பாட்டியின் முகத்தையே ஒரே விளக்கில் முப்பது நாள் எடுங்கள். சலித்துப்போகும் பத்தாவது நாளில் விட்டுவிடாமல் இருங்கள்.

தீபாவளி விளம்பரங்களுக்கான படப்பிடிப்பு ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிடும். ஸ்டுடியோக்களில் கை குறைவாக இருக்கும் காலம் அது. அப்போது போய்க் கேளுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். விளக்குக்குப் பக்கத்தில் நீங்கள் சிவப்புச் சட்டையோடு நின்றால் அந்தச் சிவப்பு மாடலின் கன்னத்தில் ஏறிவிடும்.