கூகுள் போட்டோஸ் படங்களை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருவது எப்படி?

முதன் முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உத்திரமேரூரில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், போனில் எடுத்த படங்கள் எல்லாம் கூகுளில் இருக்கின்றன. அவற்றை இந்தக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வர முடியுமா?" நிச்சயம் முடியும். அதற்குப் பணம் செலுத்தி எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை. வேலையை முறையாகச் செய்வதுதான் முக்கியம். வரிசை மாறினால் படங்கள் நிரந்தரமாக அழிந்து போகும் வாய்ப்பும் உண்டு. எனவே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படங்கள் எங்கே இருக்கின்றன?

"கிளவுட்" என்றால் மேகம். ஆனால் படங்கள் வானத்தில் மிதப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில், கூகுள் நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டரில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. இன்டர்நெட் வழியாக நாம் அவற்றைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

கூகுள் போட்டோஸ் 2015ஆம் ஆண்டு மே மாதம் அறிமுகமானது. சற்றே சுருக்கப்பட்ட "ஹை குவாலிட்டி" அளவில் எத்தனை படங்களை வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக் கொள்ளலாம் என்ற சலுகை அப்போது இருந்தது. 2021ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதியுடன் அது முடிந்தது. இப்போது ஒரு அக்கவுண்டுக்கு 15 ஜிபி இடம் இலவசம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் இதைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரு படம் 3 எம்பி என்று வைத்துக் கொண்டால், சுமார் 5,000 படங்களில் 15 ஜிபி நிரம்பிவிடும். வீடியோ எடுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் நிரம்பும். நிரம்பிய அக்கவுண்டுக்குப் புதிய மெயில்கள் வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு மெயிலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மேலும் இரண்டு விதிகளைத் தெரிந்து கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளாக எந்தப் பயன்பாடும் இல்லாத தனிநபர் அக்கவுண்டை, அதில் உள்ள படங்களோடு சேர்த்து கூகுள் நீக்கிவிடலாம். இந்த விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதேபோல, ஒதுக்கிய இடத்தைத் தாண்டிய நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் இருந்தால், அதில் உள்ளவை நீக்கப்படலாம். காலமான தாத்தாவின் பழைய போன் அலமாரியில் கிடக்கிறது, அவருடைய அக்கவுண்டை யாரும் திறப்பதில்லை என்றால், முதலில் கவனிக்க வேண்டியது அந்த அக்கவுண்டைத்தான். அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் வசதி இருக்கும்போதே திறந்து பாருங்கள்.

இணையச் சேவைகள் மூடப்படுவதும் புதிதல்ல. இந்தியாவில் மிகப் பிரபலமாக இருந்த ஆர்குட் 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பிகாசா 2016ல் விடை பெற்றது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. படித்தவர்கள் படங்களை எடுத்து வைத்துக் கொண்டார்கள்.

முதலில் போனைப் பாருங்கள்

கூகுளில் உள்ள படம் போனிலும் இருக்கக்கூடும். அப்படியானால் இன்டர்நெட்டே தேவையில்லை. போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கவும். போன் திரையில் வரும் தேர்வுகளில் "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் "திஸ் பிசி" திறந்தால் போனின் பெயர் தெரியும். அதற்குள் "டிசிஐஎம்", அதற்குள் "கேமரா" என்ற போல்டர் இருக்கும். அதனைக் காப்பி செய்து உங்கள் டிரைவில் பேஸ்ட் செய்திடவும். "கட்" செய்ய வேண்டாம். பாதியில் கேபிள் கழன்றால் சிக்கலாகிவிடும்.

இப்படி வந்தவை போக, போனில் இல்லாமல் கூகுளில் மட்டும் இருக்கும் பழைய படங்களுக்குத்தான் கீழே உள்ள வழிகள்.

கொஞ்சம் படங்கள் என்றால்

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, "போட்டோஸ் டாட் கூகுள் டாட் காம்" தளத்திற்குச் சென்று உங்கள் அக்கவுண்டில் நுழையவும். ஒரு படத்தின் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் மூலையில் ஒரு டிக் அடையாளம் தெரியும். அதில் கிளிக் செய்திடவும். பிறகு ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு கடைசிப் படத்தில் கிளிக் செய்தால், இடையில் உள்ளவை அனைத்தும் தேர்வாகும். மேலே வலது ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து "டவுண்லோட்" தேர்ந்தெடுக்கவும். ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் என்றால் அவை ஒரே ஸிப் பைலாக வந்து சேரும்.

ஒரு திருமணம், ஒரு சுற்றுலா என்ற அளவில் எடுக்க இந்த வழி போதும். பல ஆண்டுப் படங்களுக்கு அடுத்த வழிதான் சரி.

எல்லாப் படங்களும் வேண்டும் என்றால்

இதற்காகவே கூகுள் தரும் வசதி "டேக்அவுட்".

1. "டேக்அவுட் டாட் கூகுள் டாட் காம்" தளத்திற்குச் செல்லவும்.

2. கூகுளின் எல்லாச் சேவைகளும் டிக் செய்யப்பட்டிருக்கும். மேலே "டீசெலக்ட் ஆல்" என்பதில் கிளிக் செய்து எல்லாவற்றையும் நீக்கவும். பிறகு கீழே சென்று "கூகுள் போட்டோஸ்" மட்டும் டிக் செய்திடவும்.

3. அதன் கீழே ஆல்பங்களைக் குறிக்கும் பட்டனில் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் கிடைக்கும். நீங்கள் ஆல்பம் எதுவும் உருவாக்காவிட்டாலும், ஆண்டு வாரியாகப் படங்கள் பிரிக்கப்பட்டிருக்கும். தேவையான ஆண்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.

4. அடுத்த கட்டத்தில், டவுண்லோட் லிங்க்கை மெயிலில் அனுப்பும்படியும், ஒரு முறை மட்டும் எடுக்கும்படியும் அமைக்கவும். பைல் வகை "ஸிப்" ஆக இருக்கட்டும். ஸிப் பைலின் அளவையும் நீங்களே முடிவு செய்யலாம்.

5. கடைசியாக "கிரியேட் எக்ஸ்போர்ட்" பட்டனை அழுத்தவும். படங்களின் அளவைப் பொறுத்து, லிங்க் வர சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

நம் ஊருக்கு ஏற்ற கணக்கு

டேக்அவுட் தரும் லிங்க் சுமார் ஏழு நாட்களுக்குத்தான் வேலை செய்யும். இங்கேதான் நம் பக்கத்து வாசகர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, வேகம் வினாடிக்கு 10 மெகாபிட் என்றால், 15 ஜிபி இறங்க மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பலர் போனின் ஹாட்ஸ்பாட் மூலம்தான் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் தருகிறார்கள். நாளொன்றுக்கு 1.5 ஜிபி டேட்டா என்றால், ஏழு நாட்களில் 10 ஜிபிக்கு மேல் இறக்க முடியாது. 15 ஜிபியை மொத்தமாகக் கேட்டால், பாதியிலேயே லிங்க் காலாவதியாகிவிடும்.

எனவே ஸிப் பைலின் அளவை 1 ஜிபி என வைக்கவும். ஒரு நாளைக்கு ஒரு பைல் இறக்கினால் மீதி டேட்டா மற்ற வேலைகளுக்கு உதவும். ஒரு தடவைக்கு ஆறு ஜிபிக்குள் அடங்கும்படி ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்கவும். அவை வந்து சேர்ந்த பின் அடுத்த சில ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். நடுவில் கரண்ட் போனாலும் அந்த ஒரு ஜிபியை மட்டும்தான் மீண்டும் இறக்க வேண்டியிருக்கும்.

பிரவுசிங் சென்டரில் இந்த வேலையைச் செய்ய நேர்ந்தால், முடிந்ததும் அக்கவுண்டிலிருந்து சைன் அவுட் செய்து, டவுண்லோட்ஸ் போல்டரில் உள்ள ஸிப் பைல்களையும் அழித்துவிட்டு வரவும். குடும்பப் படங்கள் பிறர் கம்ப்யூட்டரில் தங்கக் கூடாது.

பிரித்து வைப்பது

ஸிப் பைலில் ரைட் கிளிக் செய்து, "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" தேர்ந்தெடுக்கவும். எல்லா ஸிப் பைல்களையும் ஒரே போல்டருக்குள் பிரிக்கவும். அப்போதுதான் ஒரே ஆண்டின் படங்கள் ஒன்று சேரும். விண்டோஸ் இயங்கும் சி டிரைவில் வைக்காமல், டி டிரைவ் இருந்தால் அதில் வைப்பது நல்லது. விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால் பெரும்பாலும் சி டிரைவ்தான் அழிக்கப்படும்.

படங்களுக்கு இடையே "ஜேசன்" என்று முடியும் சிறிய பைல்கள் இருப்பதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து விடாதீர்கள். படம் எடுத்த தேதி, இடம், நீங்கள் எழுதிய குறிப்பு ஆகியவை அவற்றில் உள்ளன. இடம் மிகக் குறைவுதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாப் படங்களும் இன்றைய தேதியைக் காட்டுகின்றன என்றும் சிலர் கவலைப்படுவார்கள். அது பைலைப் பிரித்த தேதி. போல்டரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, "சார்ட் பை", "மோர்" எனச் சென்று "டேட் டேக்கன்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். படம் எடுத்த நாள்படி வரிசையாகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் இந்தத் தகவல் இருக்காது. ஆனால் பைலின் பெயரிலேயே தேதி இருக்கும். "ஐஎம்ஜி-20190412-டபிள்யூஏ0007" என்றால், அது 2019 ஏப்ரல் 12 அன்று வந்த படம்.

அழிக்கும் முன் நில்லுங்கள்

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், அதே அக்கவுண்டில் பேக்கப் ஆன போனிலிருந்தும் அது போய்விடும். "போனில் இருக்கிறதே" என்று நம்பி இங்கே அழிக்கக் கூடாது. அழித்த படம் "பின்" என்ற குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். அதற்குள் மீட்கலாம். அதன் பின் வழியில்லை.

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் அக்கவுண்ட் நிரம்பிவிட்டது. இடம் வேண்டும் என்று, 2017, 2018ஆம் ஆண்டுப் படங்களை மொத்தமாக அழித்துவிட்டார்கள். காலமான பாட்டியின் கடைசிப் படங்கள் அவற்றில்தான் இருந்தன. இத்தனைக்கும் ஒரு ஜிபி இடம்கூடக் கிடைக்கவில்லை. காரணம், 2021 ஜூன் 1க்கு முன் ஹை குவாலிட்டி அளவில் ஏற்றிய படங்கள் 15 ஜிபி கணக்கிலேயே சேராது! நான் பார்த்தபோது 60 நாட்கள் முடியவில்லை. பின் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தேன். ஒரு படத்தைத் திறந்து "இன்போ" அடையாளத்தில் கிளிக் செய்தால், அது உங்கள் இடத்தை எடுத்துக் கொள்கிறதா இல்லையா என்று தெரியும். இடம் வேண்டுமானால், 2021 ஜூனுக்குப் பின் எடுத்த நீளமான வீடியோக்களைப் பாருங்கள்.

அதையும் அழிக்கும் முன் மூன்று சோதனைகள்: ஆண்டு போல்டரில் ரைட் கிளிக் செய்து, "ப்ராப்பர்டீஸ்" மூலம் பைல்களின் எண்ணிக்கையையும் அளவையும் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டிலும் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். இரண்டு வீடியோக்களைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு நகல் போதாது

கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் பழுதாகக்கூடிய பொருள்தான். எனவே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இரண்டாவது நகல் எடுத்து, அதை உறவினர் வீட்டில் வையுங்கள். பென் டிரைவில் காப்பி செய்யும்போது, "பைல் மிகப் பெரியது" என்று செய்தி வந்தால், அது ஃபேட்32 முறையில் பார்மட் ஆகியிருக்கிறது என்று பொருள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைல் ஏறாது. 1 ஜிபி ஸிப் பைல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நீங்கள் அறிந்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் அந்தக் கல்லையே, 1898ல் கல்வெட்டுத் துறையினர் தாளில் மைப்படி எடுத்துச் சென்றார்கள். பிறகு அது அச்சிலும் ஏறியது. கல்லுக்கே நகல் எடுத்தார்கள் என்றால், ஒரு பட்டனில் அழியும் படத்திற்கு இரண்டு நகல் எடுப்பதில் தவறே இல்லை.

இனி ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் விடுமுறையில், சென்ற ஆண்டுப் படங்களை மட்டும் டேக்அவுட் மூலம் எடுத்து இரண்டு டிஸ்க்குகளிலும் சேர்த்து விடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் இயங்குகிறதா என்ற சோதனையும் அன்றே முடிந்துவிடும்.