பழைய கோழிகளுடன் புதிய பேடுகளைச் சேர்த்தல்

நெற்காணியோடும் மரக்கறித் தோட்டத்தோடும் வீட்டு வளவிற் பத்துப் பன்னிரண்டு கோழிகளை வளர்த்து வருவது கெலிஓயாப் பகுதிக் கமக்காரரின் நெடுநாள் வழக்கமாகும். குறுநலும் தவிடும் தோட்டத்துக் கழிவிலைகளும் மண்ணைக் கிளறி எடுக்கும் புழு பூச்சிகளும் இக்கோழிகளின் தீனியிற் பெரும்பங்காக அமைகின்றன. அவற்றின் எரு போஞ்சிப் பாத்திக்கும் கறிமிளகாய்ப் பாத்திக்கும் உதவுகின்றது. பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் பஸ் கட்டணத்துக்கும் வேண்டிய சில்லறைக் காசு பல வீடுகளில் முட்டைகளிலிருந்தே கிடைக்கின்றது.

பேடுகள் வயதேற ஏற முட்டையிடுவது குறையும். சில கீரிக்கும் மரநாய்க்கும் இரையாகும். ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு மூன்று புதிய பேடுகளை வாங்கிச் சேர்க்க வேண்டி நேரிடுகின்றது. சந்தையில் வாங்கிய பேட்டை மாலையிற் கூடையிலிருந்து அவிழ்த்து அப்படியே பழைய கோழிகளிடையே விட்டுவிடுவது பலரது வழக்கம். இதனால் இரண்டு கேடுகள் விளையும். ஒன்று நோய், மற்றையது சண்டை. சண்டையினால் ஒரு பேடு காயமுறும், சில நாட்கள் முட்டை குறையும். நோய் புகுந்தாலோ ஒரு வாரத்தினுள் கூடு முழுவதுமே வெறுமையாகிவிடலாம். எனவே நோயைப் பற்றி முதலிற் கூறுவோம்.

முதல் முப்பது நாட்கள்

வெளியிலிருந்து வரும் கோழி பார்வைக்கு எவ்வளவு திடமாக இருப்பினும், அதனை முப்பது நாட்கள் தனியாக வைத்தல் வேண்டும். இது மிகையான எச்சரிக்கை எனச் சிலர் எண்ணுவர். அவ்வாறன்று. நோய்க்கிருமி உடலிற் புகுந்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடையே இடைவெளி உண்டு. 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டு, பின்னர் இந்தியாவின் இமயமலைச் சாரலிலுள்ள ஓர் ஊரின் பெயரால் நம்மிடையே ராணிக்கெட் எனப்படும் நோயில், இவ்விடைவெளி பெரும்பாலும் ஐந்தாறு நாட்களாகும். சிலவேளை இரண்டு வாரம் வரையும் நீடிக்கும். சந்தையில் நூறு கோழிகளின் நடுவே ஒரு பொழுது இருந்த பேடு, கிருமியை ஏற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின்னரே சோர்வடையலாம். பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல், கால் சிறகுகள் வழங்காமை என்பன அதன் குறிகள். தடுப்பு மருந்து பெறாத ஊர்க்கோழிகளிடையே இந்நோய் பரவின் மிகச் சிலவே எஞ்சும். இதற்கு மருத்துவம் இல்லை. தடுப்பு ஒன்றே உண்டு.

வேறு சில நோய்களோ இன்னும் மறைவானவை. சளி நோய் கண்டு தேறிய கோழி நலமாகவே உலாவும். ஆயினும் கிருமியைத் தன்னுள் வைத்திருந்து மற்றவற்றுக்குக் கொடுக்கும். முகம் வீங்கியதும், கண்ணிலே நுரை கட்டியதும், மூக்கு ஒழுகியதுமான கோழியை எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வாங்கலாகாது. அதே கூடையில் இருந்த மற்றக் கோழிகளையும் வாங்காது விடுவதே நன்று.

தனிக்கூடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மூன்று பேடுகளுக்கு நான்கடி நீளமும் மூன்றடி அகலமுமுள்ள மூங்கிற் கூடு போதும். மேலே கிடுகோ தகரமோ வேய்ந்து, நிலத்தில் உமி பரப்பிவிடலாம். பழைய கோழிகள் உலாவும் இடத்துக்கு எதிர்ப்புறமாக, வீட்டின் மறுபக்கத்தில் அதனை வைக்க வேண்டும். கெலிஓயாவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வளவுகள் சிறியவை. வேலிக்கு அப்பாலேயே அயலவரின் கோழிகள் மேயும். எனவே கூட்டின் நாற்புறமும் சிறுகண் கம்பி வலை அடித்தல் அவசியம். தண்ணீர்ப் பாத்திரம், தீனித் தட்டு யாவும் வேறாக இருத்தல் வேண்டும். காலையிலும் மாலையிலும் முதலிற் பழைய கோழிகளைக் கவனித்து, இறுதியாகவே புதியனவற்றிடம் செல்ல வேண்டும். திரும்பியதும் கையையும் செருப்பையும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். இவ்வொழுங்கை மாற்றிச் செய்வோர் தனிக்கூடு வைத்ததன் பயனை இழப்பர்.

பேன், உண்ணி என்பவற்றையும் இக்காலத்திலேயே ஒழிக்கலாம். சிறகின் அடியையும் எச்சத்துவாரத்தின் சுற்றுப்புறத்தையும் பிரித்துப் பார்த்தாற் பேன் தெரியும். செவ்வுண்ணி பகலில் உடலில் இராது. மரச்சட்டங்களின் இடுக்கிலே ஒளிந்து இரவில் வந்து குருதியை உறிஞ்சும். ஆகவே இரவில் விளக்கைப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த பெட்டியொன்றைக் கூட்டில் வைத்தாற் கோழிகள் தாமே புரண்டு குளிக்கும். இது பேனைக் குறைக்கும். கூட்டின் ஈர உமியை அவ்வப்போது அகற்றுதல் வேண்டும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள் ஈரத்திலும் வெப்பத்திலும் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் தன்மையை அடைந்துவிடுகின்றன. மகாவலியை அடுத்த இத்தாழ்ந்த நிலங்களில் மழைக்காலத்து ஈரம் எளிதில் உலராது என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். அகற்றிய உமியைப் பழைய கோழிகள் கிளறும் பாத்தியிற் கொட்டலாகாது; குழியிலிட்டு மூடி மக்கவிடுக.

ராணிக்கெட் தடுப்பு மருந்தைப் புதிய கோழிகளுக்கு மட்டுமன்றிப் பழையனவற்றுக்கும் இம்முப்பது நாட்களில் இடுவித்துக்கொள்ளல் வேண்டும். மருந்து இட்ட அன்றே பாதுகாப்பு உண்டாவதில்லை. அதற்கு இரண்டு வாரமளவு செல்லும். பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இம்மருந்தைத் தயாரிக்கின்றது. பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, அயலவர் நால்வர் ஐவர் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் எல்லாக் கோழிகளுக்கும் இடுவித்தாற் செலவும் குறையும், ஊருக்கும் காவலாகும்.

கோழிகளிடையே உள்ள முறை

முப்பது நாட்கள் கடந்து நோய்க்குறி ஒன்றும் காணப்படாவிடின் அடுத்த வேலை தொடங்கும். அதற்குமுன் கோழிகளின் இயல்பொன்றை அறிந்துகொள்ளல் நன்று.

கோழிகள் கண்டபடி சண்டையிடுவன அல்ல. ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதற்பேடு எல்லாவற்றையும் கொத்தும். அதனை வேறெதுவும் கொத்தாது. இரண்டாவது, முதலாவதற்கு மட்டும் பணியும். கடைசிப் பேட்டை யாவும் கொத்தும். நோர்வே நாட்டவரான தோர்லீவ் ஷெல்டெரூப்-எபே என்பவர் தாம் சிறுவயது முதல் உற்றுநோக்கி வந்த கோழிகளைக் கொண்டு இவ்வொழுங்கை 1921ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். நமது பாட்டிமார் அதற்கு முன்னரே இதனைக் கண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை முறையாக எழுதிவைத்தவர் அவரே. ஒழுங்கு நிலைபெற்ற கூட்டத்திற் கொத்தல் குறைவு. தலையைச் சற்று உயர்த்தினாற் போதும், கீழ்ப்பேடு விலகிவிடும். புதியது ஒன்று வந்தவுடன் இவ்வொழுங்கு கலைகின்றது. அதன் இடம் எது என்பது கொத்தியே தீர்க்கப்படுகின்றது.

இதனால் உண்டாகும் நட்டம் காயம் மட்டுமன்று. அமெரிக்க ஆய்வாளரான கூல், அல்லீ என்போர் 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடிக்கடி கோழிகள் மாற்றப்பட்ட கூட்டங்கள், மாற்றப்படாத கூட்டங்களைவிடக் குறைவாகத் தீனி தின்று குறைவாக முட்டையிட்டன எனக் கண்டனர். எனவே மாதத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்ப்பது தவறான சிக்கனமாகும். வேண்டியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்து வாங்குவதே மேல். ஒரேயொரு பேட்டை ஒருபோதும் சேர்க்கலாகாது. எல்லாக் கொத்தும் அதன்மேலேயே விழும். மூன்று சேர்ந்து வந்தால் அக்கொத்து மூன்றாகப் பகிரப்படும். ஒன்றற்கொன்று துணையாகவும் ஒதுங்கி நிற்கும்.

வயதும் பருமனும் முக்கியமானவை. எட்டு வாரக் குஞ்சை முதிர்ந்த பேடுகளிடையே விடுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். பதினாறு முதற் பதினெட்டு வார வயதில், பழையனவற்றின் பருமனை அணுகியதும் முட்டையிடத் தொடங்காததுமான நிலையிற் சேர்ப்பதே மிகச் சிறந்தது. முட்டையிடும் பேட்டை இடம் மாற்றினால் அது ஓரிரு வாரம் முட்டையை நிறுத்திவிடக்கூடும். இங்கு தீனி பற்றியும் ஒன்று கூற வேண்டும். முட்டையிடும் பேடுகளுக்கான தீனியிற் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முட்டையிடாத இளம்பேட்டின் சிறுநீரகத்துக்கு அது தீங்கு செய்யும். இரு சாராரும் கலந்திருக்கும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனியைக் கொடுத்து, சிப்பித் தூளை வேறொரு சிரட்டையில் வைத்துவிட்டால் முட்டையிடுவன தமக்கு வேண்டியதைத் தாமே கொத்திக்கொள்ளும்.

சேர்க்கும் முறை

தனிக்கூட்டை இப்போது பழைய கோழிகளின் அருகே கொண்டுவந்து வைக்க வேண்டும். இடையே கம்பி வலை மட்டும் இருத்தல் வேண்டும். பழைய கோழிகள் வலையைச் சுற்றி வந்து கழுத்து மயிரைச் சிலிர்த்து நிற்கும். இரண்டொரு நாளில் அலுத்துவிடும். வலையின் இருபுறமும் தீனித் தட்டுகளை எதிரெதிராக வைத்தால் அருகருகே நின்று தின்னப் பழகும். ஏழு முதற் பத்து நாட்கள் இவ்வாறு வைத்தல் வேண்டும். பேடுகள் ஒன்றையொன்று முக்கியமாகக் கொண்டையையும் தலையையும் கொண்டே அடையாளம் காண்கின்றன. அப்பழக்கத்துக்கு இந்நாட்கள் வேண்டும்.

காலிற் கயிறு கட்டி முளையிலோ தூணிலோ பிணைத்து வைக்கும் வழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டும். அதன் நோக்கம் கோழி ஓடிப்போகாமல் இருப்பது, அது நியாயமானதே. ஆனால் கட்டுண்ட கோழி தாக்குதலிலிருந்து விலக முடியாது. தோல்வியை ஒப்பிய பேடு விலகி ஓடுவதே கோழிகளிடையே சண்டையை முடிக்கும் வழி. ஓட முடியாதது தொடர்ந்து கொத்தப்படும். கீரி வந்தாலும் அதற்கே முதலிரை. தனிக்கூட்டில் இருந்த நாட்களிலேயே புதிய பேடு இவ்வீட்டைத் தன் வீடாக அறிந்துகொள்ளும், கயிறு தேவைப்படாது.

இரவிற் புதியனவற்றைப் பழையனவற்றின் கூட்டில் மெதுவாக ஏற்றிவிட்டால், விடிந்ததும் யாவும் நட்பாகிவிடும் என்பர். இருளிற் கோழிகளுக்குப் பார்வை மங்குவதால் அன்றிரவு அமைதியாகவே கழியும். விடிந்ததும் நிகழ்வதே கேள்வி. முன்னரே வலையூடாகக் கண்டு பழகியிருந்தால் இம்முறை நன்கு உதவும். பழகாதிருந்தால், அடைபட்ட கூட்டினுள் ஓட இடமின்றி விடியற்காலையிலேயே கொலை நடக்கும். எனவே இரவில் ஏற்றுவோர் முதற்சில நாட்கள் பொழுது புலருமுன் எழுந்து கூட்டைத் திறந்துவிடல் வேண்டும்.

நாம் விரும்புவது வேறொரு முறை. பிற்பகல் நான்கு மணியளவில், பழைய கோழிகள் வளவில் மேய்ந்துகொண்டிருக்கையில், தனிக்கூட்டின் கதவைத் திறந்துவிடுக. இரண்டு மணித்தியாலத்தில் இருட்டிவிடும். அதுவரை ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டு மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும். ஓரிடத்திலிருந்து விரட்டப்பட்டது மற்றோரிடத்திற் பசியாறும். பழைய பெட்டி, சாய்த்து வைத்த பலகை, வாழைமரத்தடி போன்ற ஒதுங்குமிடங்கள் இருப்பின் நன்று. கூட்டினுள் ஒரு பேட்டுக்கு எட்டு அங்குலத்துக்குக் குறையாத ஏறுசட்டமும், நான்கைந்து பேடுகளுக்கு ஒரு முட்டைப் பெட்டியும் வேண்டும். கூடு நெருக்கமாயின் எம்முறையும் பயன்தராது.

காலத்தையும் தேர்ந்துகொள்ளலாம். பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. வெயில் உண்டு; அரிதாளில் உதிர்ந்த நெல்லைத் தேடிக் கோழிகள் பரந்து மேயும்; ஒன்றையொன்று நெருங்கும் வாய்ப்புக் குறைவு. ஐப்பசி மழையிற் கோழிகள் நாள் முழுதும் கூட்டில் ஒடுங்கியிருக்கும்போது சேர்த்தல் சண்டையை வலிந்து அழைப்பதாகும்.

கூட்டத்தில் அடைக்கோழி ஒன்று இருப்பின் இவ்வளவு பாடும் குறையும். நம்பத்தக்க பண்ணையிலிருந்து பெற்ற ஓரிரு நாட் குஞ்சுகளை இரவில் அதன் சிறகின் கீழ் மெல்ல வைத்துவிட்டால், பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்று வளர்க்கும். தாயின் காவலில் வளரும் அக்குஞ்சுகள் கூட்டத்தின் ஒழுங்கை அக்கூட்டத்திலேயே கற்றுக்கொள்கின்றன. விடிந்ததும் கவனித்து, தாய் கொத்துமாயின் குஞ்சுகளை உடனே அகற்றுக.

சேர்த்த பின்னர்

சில கொத்துகளும் துரத்தல்களும் நிகழவே செய்யும். மயிர் பறப்பதைக் கண்டு உடனே பிரித்துவிட்டால் ஒழுங்கு ஏற்படாது. மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். ஆயினும் குருதி கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. சிவந்த புண்ணைக் கண்ட மற்றக் கோழிகள் யாவும் அதனையே கொத்தும். காயமுற்றதை அகற்றி, உப்பு நீராற் கழுவி, புண் ஆறி மயிர் மூடும்வரை வலைக்கப்பால், மற்றவை காணும்படி வைத்திருத்தல் வேண்டும். கண்ணுக்கெட்டாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டாற் கூட்டம் அதனை மறந்துவிடும். திரும்பி வரும்போது அது மீண்டும் புதியதே.

தீனிப்பையைத் தடவிப் பார்த்தலை மறவாதீர். மாலையில் ஏறுசட்டத்திலிருக்கும் புதிய பேட்டின் மார்பின் மேற்புறத்தைத் தொட்டால் தீனிப்பை நிரம்பியிருக்க வேண்டும். அது வெறுமையாயின், சண்டை கண்ணிற் படாவிட்டாலும் அக்கோழி தீனியினின்று விரட்டப்படுகின்றது என அறிக. தட்டுகளை இன்னும் தள்ளித்தள்ளி வைக்க.

இரண்டு வாரத்தின் பின்னும் ஒரு பழைய பேடு விடாது துரத்துமாயின், துரத்தப்படுவதையன்றித் துரத்துவதையே பிடித்து அடைக்க வேண்டும். நான்கைந்து நாட்கள் அதனைத் தனிக்கூட்டில் வைத்துத் திரும்ப விடுகையில், கூட்டத்தில் வேறோர் ஒழுங்கு உண்டாகியிருக்கும். அது பெரும்பாலும் பணிந்தே நுழையும். கோழிகள் காரணமின்றிச் சோர்ந்தாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று இறந்தாலோ, இறந்தவற்றை ஓடையிலோ கங்கையிலோ எறியாது, எஞ்சியவற்றை விற்காது, பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிக்கவும். கூடமைத்தல், தீனிக் கலவை என்பன பற்றிய மேலதிக விபரங்களையும் அங்கேயே கேட்டறியலாம்.