சீம்பாலும் தாத்தாவின் ஊசியும்

அன்புள்ள கயலுக்கு,

உன் கேள்வி என்னைக் கொஞ்சம் திணறடித்துவிட்டது. தாய்ப்பாலிலும் இன்சுலின் இருக்கிறதாமே, தாத்தா அதை ஊசியாகத்தானே போட்டுக்கொள்கிறார், விழுங்கினால் வயிறு செரித்துவிடுமே, அண்ணியின் பிள்ளைக்கு மட்டும் அது எப்படித் தப்பும் என்கிறாய்.

பிறந்த பிள்ளையின் வயிறு நம்முடையது மாதிரி இல்லை. அமிலம் குறைவு. புரதத்தை அறுக்கும் நொதிகளும் இன்னும் முழுவேகத்துக்கு வரவில்லை. போதாததற்கு, அந்த நொதிகளைத் தடுக்கும் பொருள்களும் பாலிலேயே இருக்கின்றன. அதனால் ஒரு பங்காவது சேதமில்லாமல் குடலுக்குப் போய்விடும். தாத்தாவின் இன்சுலின் ரத்தத்தில் கலந்தால்தான் பலன். பாலில் வருகிற ஹார்மோன்கள் பலவற்றுக்கு அந்தப் பயணமே வேண்டாம். குடலின் உட்சுவரிலேயே வேலை காத்திருக்கிறது.

அந்தச் சுவர் பூச்சு முடியாத வீடு. பூசுகிறவர்களில் முக்கியமான ஆள், பாலில் வரும் ஈ.ஜி.எஃப். கண்டிப்பான வாத்தியார் இதை ஹார்மோன் என்று ஒப்ப மாட்டார், வளர்ச்சிக் காரணி என்பார், போகட்டும். ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்கர், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பச்சிளம் எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார். அவை நாளுக்கு முன்பே கண் திறந்தன! இந்த முந்திரிக்கொட்டைத்தனம் ஏன் என்று தேடிப்போனவருக்கு ஈ.ஜி.எஃப். கிடைத்தது; 1986-ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. அதே பொருள் சீம்பாலில், பின்னால் வரும் பாலைவிட மிக அதிகம்.

குறைமாதப் பிள்ளைகளுக்குத்தான் தாய்ப்பாலின் அருமை தெரியும். 1990-ல் லூக்காஸும் கோலும் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து எழுதினார்கள்: குடல் திசு அழுகும் கொடிய நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு 6 முதல் 10 மடங்கு வந்தது. எல்லாப் புகழையும் ஹார்மோனுக்கே கொடுத்துவிடாதே. நோய் எதிர்ப்புப் புரதங்களும், நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் சர்க்கரைகளும் கூட்டாளிகள்.

அப்பத்தா பிள்ளையின் வாயில் சேனைத் தண்ணீர், அதுதான் சர்க்கரைத் தண்ணீர், வைக்கவேண்டும் என்று நிற்கிறாராமே? எனக்கும் உன் அப்பாவுக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பிழிந்து கீழே ஊற்றியவர் அவர்! முதல் நாள் சில கரண்டிதான் சுரக்கும். பால் போதவில்லை என்று யாரும் பதற வேண்டாம். தார் மாதிரி கறுப்பாக இருக்கும் முதல் மலம் இளகிப் போகச் சீம்பாலும் உதவும். அப்பத்தாவோடு சண்டை போடாதே. அந்தச் சர்க்கரையை அண்ணி குடிக்கிற பாலில் போடச் சொல்.

அன்புடன்,
அத்தை