நாவின் சான்றும் எண்ணின் தீர்ப்பும்

ஆடி, ஆவணித் திங்கள்களில் வறண்ட காற்று வீசுங்கால் ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் உண்டாகும். கொழும்பு ஏலத்துக்குமுன் அம்மணத்தை மதிப்பிடுவது சுவைபார்ப்போர் நாவே. கொழுந்து பறிப்போரின் உழைப்பும் அதனால் நிறுக்கப்படுகிறது. அந்நா மெய்யாகவே உணர்ந்ததா, குருட்டாம்போக்கில் சொன்னதா?

இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், பாலை முதலில் வார்த்ததா, தேநீரை முதலில் வார்த்ததா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்றார் மியூரியல் பிரிஸ்டல் அம்மையார். அங்குப் பணியாற்றிய ரொனால்ட் பிஷர், அத்தகைய கூற்றைச் சோதிக்கும் முறையைத் தம் 1935ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். கிண்ணங்கள் 8, வகைக்கு 4. வைக்கும் ஒழுங்கைத் திருவுளச் சீட்டே தீர்மானிக்கும். பால் முந்திய நான்கையும் தெரிந்தெடுக்க 70 வழிகள் உள. முற்றும் சரியானது ஒன்றே. மூன்று சரியாகி ஒன்று தவறுவதற்கோ 16 வழிகள்! நான்கில் மூன்று சரியெனின் வகுப்பில் மகிழ்ந்து புள்ளியிடுவோம். இங்கு அது சான்றாகாது.

நம் மாணவர் இரு தோட்டத் தேயிலைகளைக்கொண்டு முக்கோணச் சோதனை செய்யலாம். ஒவ்வொருவர்க்கும் மூன்று கிண்ணம்; இரண்டு ஒருவகை, ஒன்று வேறு. பன்னிருவர் சுவைப்பின், ஏதும் உணராமலே நால்வர் சரியாகச் சுட்டுவர் என எதிர்பார்க்கலாம். எழுவர் சுட்டினும் போதாது. எண்மராயின், தற்செயல் நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான வரம்புக்குள் அடங்கும். நீரின் சூடும் ஊறும் நேரமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். எது எதுவென அறிந்தவர் கிண்ணத்தை நீட்டலாகாது. முகமே விடையைச் சொல்லிவிடும்.