புகை போகும் வழி

1. சுரங்கம் திறந்தது

இமாசலப் பிரதேசத்தில் லாஹூல் என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் அங்கே ஓடுகின்றன. உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளைகிற பூமி. அங்குள்ள பல ஊர்கள் கடல் மட்டத்திற்கு மேல் 10,000 அடி உயரத்தில் இருக்கின்றன. குளிர்காலத்தில் வயல், கூரை, பாதை எல்லாம் பனியால் மூடிவிடும்.

முன்பு ரோத்தாங் கணவாயைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். பனி விழுந்தால் கணவாய் மூடிவிடும். மாதக் கணக்கில் வெளியூர் ஆட்கள் யாரும் வர முடியாது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து போட்ட பாதை. நீளம் 9 கிலோமீட்டர். அதற்குப் பிறகு குளிர்காலத்திலும் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள்.

ஊரில் பலர் தங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டார்கள். பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லை. அறை வாடகை குடும்பத்திற்கு உதவியது.

அப்படி அறை விட்ட ஒரு வீட்டின் கதை இது.

2. இரும்பு அடுப்பு

அந்த வீட்டில் ஒரு தாய், ஒரு மகள், ஒரு மகன். தாயை ஊரில் எல்லோரும் வீட்டுக்காரம்மா என்றே கூப்பிடுவார்கள். நடுவயதில் முதியோர் கல்வி வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர் அவர்.

வாடகை அறையின் நடுவில் ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. அதைப் புகாரி என்பார்கள். தந்தூர் என்று சொல்பவர்களும் உண்டு. சமையலுக்கு அல்ல, அறையைச் சூடாக்குவதற்காக வைத்திருப்பது.

புகாரி பார்க்கச் சின்ன இரும்புப் பீப்பாய் மாதிரி இருக்கும். முன்னால் ஒரு கதவு. அதன் வழியாக விறகு போடுவார்கள். கதவுக்குக் கீழே காற்று நுழைய ஒரு திறப்பு. மேலே ஒரு புகைக்குழாய். அது கூரையைத் தாண்டி வெளியே போகும்.

காற்று கீழே நுழைகிறது. விறகு எரிகிறது. சூடான புகை குழாய் வழியாக மேலே ஏறுகிறது. இரும்பு சூடாகி அறைக்கு வெப்பம் தருகிறது. வெப்பம் உள்ளே தங்க வேண்டும், புகை வெளியே போக வேண்டும். புகாரியின் வேலை அவ்வளவுதான்.

3. காலையில் கண்டது

ஒரு சனிக்கிழமை நான்கு இளைஞர்கள் வந்து தங்கினார்கள். சமவெளி நகரத்துப் பிள்ளைகள். பனியைப் பார்த்ததில்லை. இரண்டு இரவு தங்கிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் புறப்பட்டார்கள்.

தேநீர் குடிக்கும்போது ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"தலை வலி தாங்க முடியவில்லை, ஆன்ட்டி."

இன்னொருவனுக்குக் குமட்டல். மற்ற இருவருக்கும் தலை சுற்றல்.

"உயரமான இடம் இல்லையா? புதிதாக வருபவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் வீட்டுக்காரம்மா. மலை உயரத்தில் அப்படி வருவது உண்மைதான். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

அறையைப் பெருக்கப் போன மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்கே வந்து பார்!"

அறையில் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். புகாரியின் கதவில் உருகிய பாட்டில் ஒட்டியிருந்தது. பீப்பாயின் தகடு கோணிப் போயிருந்தது. ஒட்டு விட்ட இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு. புகைக்குழாய் சாய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு ஈரக் காலுறை தொங்கியது. சுவரின் மேலே காற்று வருவதற்காக விட்டிருந்த துளையில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் பொங்கியது. "வாடகை கொடுத்தால் வீட்டை உடைக்கலாமா? ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் போய்விட்டார்களே!"

அன்று மாலை இன்னொரு குடும்பம் வருவதாக இருந்தது. கணவன், மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

மகன் சொன்னான்: "கவலைப்படாதே அம்மா. இடுக்கில் களிமண்ணைப் பூசுகிறேன். குழாயைக் கம்பியால் கட்டிவிடுகிறேன். இன்றைக்கு ஓட்டிவிடலாம்."

அம்மா யோசித்தார். மூன்று பேருடைய வாடகை. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

"எதற்கும் பட்டறைக்காரரைக் கூப்பிடு. அவர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

4. மணம் இல்லாத விஷம்

பட்டறைக்காரர் வயதானவர். தகடு வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் அவர் தொழில். அவர் முதலில் புகாரியைப் பார்க்கவில்லை. துளையில் இருந்த துண்டைப் பார்த்தார். பிறகு சாய்ந்த குழாயைப் பார்த்தார்.

"இங்கே தூங்கியவர்கள் காலையில் எப்படி இருந்தார்கள்?" என்று கேட்டார்.

"நான்கு பேருக்கும் தலைவலி, அண்ணா. ஒருவனுக்குக் குமட்டல்."

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை.

"தங்கச்சி, அது மலை உயரத்தால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகள் உயிரோடு எழுந்தது பெரிய காரியம்."

விறகோ கரியோ சரியாக எரியாதபோது ஒரு வாயு உண்டாகிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. நாம் மூச்சு விடும்போது வெளிவருகிற கரியமில வாயு வேறு, இது வேறு. இதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண்ணை எரிக்காது. புகையே தெரியாத கங்கில் இருந்தும் இது வரும்.

நம் ரத்தம் பிராணவாயுவைச் சுமந்து உடம்பு முழுவதும் கொண்டு போகிறது. இந்த வாயு, பிராணவாயுவை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடம் இல்லாமல் போகிறது. முதலில் தலைவலி, தலை சுற்றல், குமட்டல், சோர்வு. பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ஓர் அடையாளம் உண்டு. ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கும். வெளிக்காற்றுக்கு வந்தால் வலி குறையும். அப்போது இந்த வாயுவைச் சந்தேகிக்க வேண்டும்.

"களிமண் பூசினால் போதாதா, மாமா?" என்று மகன் கேட்டான்.

"இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். மண் அப்படிச் செய்யாது. விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். அது எப்போது உதிரும்? நடு இரவில். அப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்."

வீட்டுக்காரம்மா எழுந்தார். "இன்றைக்கு இந்த அறையில் நெருப்பு இல்லை" என்றார்.

அன்று இரவு அந்தக் குடும்பத்திற்குத் தங்கள் சொந்த அறையைக் கொடுத்தார். அங்கே புகாரி நன்றாக இருந்தது. தாயும் பிள்ளைகளும் நெருப்பு இல்லாத அறையில், கனமான ரஜாய்களுக்குள் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

5. பழுது பார்த்த விதம்

மறுநாள் வேலை தொடங்கியது. மகனும் மகளும் கூடவே நின்று கற்றுக்கொண்டார்கள்.

முதலில் அடுப்பு முழுவதும் ஆறிவிட்டதா என்று பார்த்தார்கள். சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்தார்கள். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேல் கூட உயிரோடு இருக்கும். அதனால் பிளாஸ்டிக் வாளியும் அட்டைப் பெட்டியும் உதவாது.

அடுத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு குழாயைக் கழற்றினார்கள். உள்ளே கரி தடிமனாகப் படிந்திருந்தது. ஈர விறகும் பிளாஸ்டிக்கும் எரித்தால் இப்படிப் படியும். புகை போகும் வழி குறுகிவிடும். படிந்த கரியில் நெருப்புப் பிடித்தால் கூரையே எரிந்து போகும். நீளமான கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள்.

பிறகு பெரியவர் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கினார். டார்ச் விளக்கை எரிய விட்டுப் பீப்பாய்க்குள் வைத்தார். இரண்டு இடங்களில் ஊசி முனை போல வெளிச்சம் வெளியே தெரிந்தது. ஒட்டு விட்ட இடத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

"வெளிச்சம் வரும் வழியில் புகையும் வரும்" என்றார் பெரியவர்.

தகடு ஏன் கோணியது? சூடான இரும்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கியது. மறு பக்கம் சூடாகவே இருந்தது. தகடு வளைந்து ஒட்டு விட்டுப்போயிற்று. ஊற்றியவர் முகத்தில் நீராவி அடிக்காமல் இருந்ததும் அதிர்ஷ்டம்தான்.

கோணிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய கருப்பு இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்தார். துத்தநாகம் பூசிய வெள்ளைத் தகடு மலிவாகக் கிடைத்தது. அதை அவர் வேண்டாம் என்றார். அதிகச் சூட்டில் துத்தநாகப் பூச்சு நச்சுப் புகை விடும்.

குழாய்த் துண்டுகளை மாட்டும்போது, மேல் துண்டின் முனையைக் கீழ்த் துண்டுக்குள் இறக்கினார். இப்படி மாட்டினால் குழாய்க்குள் வழியும் கருப்பு நீர் உள்ளேயே இறங்கிவிடும். அறையில் சொட்டாது. ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகாணிகள் போட்டார். இனிக் கை பட்டாலும் குழாய் நகராது. மகன் கூரையில் ஏறிக் குழாயின் தொப்பியை மூடியிருந்த பனியைத் தட்டினான். மகள் சுவர்த் துளையில் இருந்த துண்டை எடுத்தாள்.

கடைசியாகச் சோதனை. ஜன்னலைத் திறந்து வைத்துச் சின்ன நெருப்பு மூட்டினார்கள். ஓர் ஊதுபத்தியைக் காற்றுத் திறப்பின் அருகே பிடித்தார்கள். அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டது. குழாய் நன்றாக இழுக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடித்தார்கள். ஊதுபத்திப் புகை ஆடாமல் நேராக மேலே போனது. அப்படியானால் அங்கே இடுக்கு இல்லை.

6. ஒரு தொலைபேசி அழைப்பு

தகடு, குழாய், கூலி எல்லாம் சேர்த்து மூன்று நாள் வாடகைப் பணம் செலவானது. வீட்டுக்காரம்மா அந்த இளைஞர்களுக்கு போன் செய்தார். திட்டுவதற்குத்தான் போனை எடுத்தார். ஆனால் முதலில் வேறு கேள்விதான் வாய்க்கு வந்தது.

"தலைவலி போய்விட்டதா தம்பி? மற்ற மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்களா?"

பிறகு நடந்ததைச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் பேசினான்.

"மன்னியுங்கள் ஆன்ட்டி. குளிர் காற்று வருகிறதே என்று துளையை அடைத்தோம். ரொம்பச் சூடாகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றினோம். தப்பு என்று தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை."

பாதிச் செலவை அவர்கள் அனுப்பி வைத்தார்கள்.

ஆனால் "யாரும் சொல்லவில்லை" என்ற வார்த்தை வீட்டுக்காரம்மாவின் மனதில் தைத்தது. அவருக்கு அது பிறந்தது முதல் பழகிய அடுப்பு. வந்தவர்களுக்கு அது புதுப் பொருள். சாவியைக் கொடுத்தோம், அடுப்பைப் பற்றிச் சொன்னோமா?

அன்று மாலை ஒரு பெரிய அட்டையை எடுத்தார். இந்தியில் தம் கையாலேயே எழுதினார். எழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருந்தன. மகள் கீழே ஆங்கிலத்தில் எழுதினாள். அட்டையைப் புகாரிக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள்.

அட்டையில் இருந்தது இதுதான்:

• காய்ந்த விறகு மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக், மண்ணெண்ணெய் வேண்டாம்.
• சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
• குழாயில் துணி காயப் போடாதீர்கள்.
• சுவரில் உள்ள துளையை அடைக்காதீர்கள். அது நீங்கள் மூச்சு விடுவதற்கு.
• தூங்கும் முன் நெருப்பு முழுவதும் அணைந்துவிட்டதா என்று பாருங்கள்.
• தலை வலித்தால் உடனே வெளியே வாருங்கள். எங்களை எழுப்புங்கள். எந்த நேரமானாலும் சரி.
• ஏதாவது உடைந்தால் சொல்லுங்கள். கோபிக்க மாட்டோம்.

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் பட்டறைக்காரர். "பயந்தவன் மறைப்பான். மறைத்தால் அடுத்து வருகிறவனுக்கு ஆபத்து" என்றார் அவர்.

இந்த வாயு இருந்தால் சத்தம் போடுகிற சிறிய கருவி ஒன்று உண்டு. பேட்டரியில் ஓடும். அடுத்த முறை நகரத்துக்குப் போனபோது மகன் அதை வாங்கி வந்து மாட்டினான்.

நினைவில் வைப்போம்

புகாரி இல்லாத ஊரிலும் இந்த ஆபத்து உண்டு. மூடிய அறையில் கரிச் சட்டி வைத்துக் குளிர் காயக் கூடாது. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைக்கக் கூடாது. வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னல்களைத் திறக்க வேண்டும். அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வர வேண்டும். 108 அல்லது 112 எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. நான்கு இளைஞர்களுக்கும் ஒரே நேரத்தில் ஏன் தலை வலித்தது?
2. களிமண் பூசிச் சமாளிக்கலாம் என்று மகன் சொன்னான். அப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்?
3. பாதிச் செலவை இளைஞர்கள் கொடுத்தார்கள். மீதியை வீட்டுக்காரம்மா ஏற்றுக்கொண்டார். இது நியாயமா? உங்கள் கருத்து என்ன?
4. உங்கள் வீட்டில் புகை எந்த வழியாக வெளியே போகிறது? இன்று பார்த்து எழுதுங்கள்.