மலைப்பாதையும் மழைநீரும்

பூஜை விடுமுறை வந்தால் நம் சங்கக் குடும்பங்களில் பலர் டார்ஜிலிங் பக்கம் புறப்படுகிறோம். கால்வலு உள்ள பிள்ளைகள் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ வரை நடக்கிறார்கள். 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூதான் மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். 1992-இல் தேசியப் பூங்காவான சிங்கலீலாக் காட்டின் வழியே பாதை செல்கிறது. பேரனுடன் நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். அவன் பனிமலையைப் பார்த்தான். ரயில் பாதை பார்த்தே பழகிய என் கண் தரையைப் பார்த்தது.

பாதை ஏன் கெடுகிறது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓரிடத்தில் லைன் அடிக்கடி தாழ்ந்தது. ஜல்லி மேல் ஜல்லி கொட்டினேன், பயனில்லை. வயதான கேங் மேஸ்திரி, "பாபு, ஜல் கோதாய் ஜாபே?" என்றார். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். பக்க வாய்க்கால் தூர்ந்திருந்தது. அதைத் திறந்த பிறகே லைன் நிலைத்தது.

மலைப்பாதைக்கும் அதே பாடம்தான். பலர் மிதிக்கப் புல் சாகிறது, மண் இறுகுகிறது. இறுகிய மண் நீரைக் குடிக்காது, பாதையே ஓடையாகிறது. சேற்றுக்கு அஞ்சி ஓரமாக நடந்தால் ஒரு பாதை மூன்றாகிறது. வளைவுகளுக்குக் குறுக்கே இறங்கும் வழியை அங்குள்ளோர் நேபாளியில் "சோர் பாட்டோ" என்பார்கள். திருட்டுப் பாதை என்று பொருள். செங்குத்தான அதில்தான் மண்ணரிப்பு மிக அதிகம்.

எப்படி அளப்பது?

பாதையின் இருபுறமும் முளை அடித்து, குறுக்கே நூலை இழுத்துக் கட்டவேண்டும். 20 செ.மீ.க்கு ஒருமுறை நூலிலிருந்து தரை வரை ஆழம் அளக்கவேண்டும். 0, 6, 12, 15, 9, 3, 0 செ.மீ. என்று வந்தால் கூட்டுத்தொகை 45. அதை 20-ஆல் பெருக்கினால் 900 சதுர செ.மீ. பள்ளம். 100 மீட்டர் நீளத்துக்கும் இப்படியே இருந்தால், 9 கன மீட்டர் மண் போய்விட்டது! அடுத்த மழைக்குப் பின் அதே முளைகளில் மீண்டும் அளந்தால், நோய் வளர்கிறதா தணிகிறதா என்று தெரியும்.

எப்படிச் சீர்செய்வது?

முதலில் நீர், பிறகுதான் மண். நான்கடி அகலப் பாதையின் வெளி விளிம்பு இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தால் நீர் தானே வழிந்துவிடும். சரிவான இடங்களில் குறுக்கே சாய்வாகக் கல் பதித்து நீரை வெளியே திருப்பவேண்டும். பாதையின் ஏற்றம், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. பழனியில் படிக்கட்டை விட்டு யானைப்பாதையில் ஏறியவர்களுக்குச் சுற்றுவழியின் அருமை தெரியும். 1881-இல் டார்ஜிலிங்கை எட்டிய நம் சின்ன ரயிலும் வளைந்தும் பின்வாங்கியும்தானே ஏறுகிறது! சுற்ற இடமில்லாத செங்குத்தில் கற்படிதான் வழி. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் இதற்கான கற்களை ஹெலிகாப்டரில்கூடக் கொண்டுபோயிருக்கிறார்கள். கைவிட்ட கிளைப்பாதைகளைக் கல்லும் கிளையும் போட்டு அடைத்து, அந்த மலையின் புல்லையே நட்டால் காலப்போக்கில் ஆறும்.

நாம் செய்யக்கூடியது

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பூங்காவை மூடுகிறார்கள். அது ஈர மண்ணுக்கும் ஓய்வு; அப்போது உள்ளே போக வழி தேடாதீர்கள். மற்ற நாட்களில் சேறு இருந்தாலும் பாதையின் நடுவிலேயே நடங்கள். பூட்ஸைக் கழுவிக்கொள்ளலாம், போன மண் திரும்பி வராது. குறுக்கு வழியில் ஓடும் பிள்ளைகளை அன்போடு தடுங்கள். திரும்பும் வழியில் என் பேரன் சோர் பாட்டோ ஒன்றின் முன் நின்று, "தாத்தா, தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டு, சுற்றுவழியிலேயே இறங்கினான். மேஸ்திரியின் பாடம் வீண்போகவில்லை.